பல வேலை செய்யும் கேம் கொன்சோலைக் கடைக்கு எடுப்பதற்கு முன் எடைபோடுவது எப்படி

காலபோக நெல் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனி மாதங்களிலும், வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வந்துபோகும் ஆடி, ஆவணி மாதங்களிலும்தான் வன்னியின் மின்சாதனக் கடைகளில் உண்மையான வியாபாரம் நடக்கிறது. அந்தப் பருவங்களுக்குச் சற்று முன்னதாகவே கொழும்பு மொத்த வியாபாரிகளின் ஆட்கள் வந்து, கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று கடை கடையாக ஏறிப் புதிய பொருட்களைக் காட்டிச் செல்வார்கள். கேமும் விளையாடலாம், படமும் பார்க்கலாம், யூடியூப்பும் வரும், பாட்டும் கேட்கலாம், பிள்ளையின் படிப்புக்கும் உதவும் என்று சொல்லிக் காட்டப்படும் கேம் கொன்சோல், அதாவது தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பெட்டி, அவற்றுள் தவறாமல் இருக்கும்.

பெட்டியில் அச்சிட்ட பட்டியலை மட்டும் படித்தால், இது விற்காமல் கிடக்க ஒரு காரணமும் தெரியாது. ஆனால் 1990களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை, பணத்துக்கும் அறிவுக்கும் குறைவில்லாத பெரிய நிறுவனங்கள் பல இதே எண்ணத்தோடு கொன்சோல் செய்து நட்டப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கு ஒரு பொருள் தோற்றால் இன்னொரு பொருள் இருக்கும். நமது பகுதியில் சிறு கடை வைத்திருப்பவருக்கோ, ஐந்து பெட்டி அலுமாரியின் மேல்தட்டில் முடங்கினால் அடுத்த பருவத்துக்கு மின்விசிறியும் மிக்சியும் எடுக்க வேண்டிய முதற்பணம் அங்கேயே கட்டுண்டு போகிறது. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். கடைக்காரரை நினைத்து எழுதினாலும், பிள்ளைக்கு ஒரு கொன்சோல் வாங்கித் தர நினைக்கும் பெற்றோரும் இதே வரிசையில் யோசித்துப் பார்க்கலாம்.

எந்த வேலைக்காக இதைக் கேட்டு வருவார்கள்?

முதற்காரியமாகப் பெட்டியிலுள்ள பட்டியலைக் கையால் மறைத்துக்கொண்டு, இந்தப் பொருளைத் தேடி ஒருவர் கடைப் படியேறினால் எந்த ஒரு வேலைக்காக ஏறுவார் என்று கேட்டுப் பாருங்கள். விடை உடனே வரவேண்டும். யோசித்து யோசித்து, ‘கேமுக்கும் வரலாம், படத்துக்கும் வரலாம்’ என்று இழுக்க வேண்டியிருந்தால், வாங்க வருபவருக்கும் அதே தடுமாற்றம்தான் இருக்கும்.

1991 இல் கொமடோர் நிறுவனம் வெளியிட்ட சிடிடிவி என்ற பொருளின் கதை இதை நன்றாக விளக்கும். அதன் உள்ளே இருந்தவை அதே நிறுவனத்தின் அமிகா 500 கணினியின் உறுப்புகளே. விசைப்பலகையை எடுத்துவிட்டு, வரவேற்பறையில் பாட்டுப் பெட்டியோடு சேர்த்து வைக்கத்தக்க கறுப்புப் பெட்டியில் அடைத்து, சிடி பிளேயரையும் ரிமோட்டையும் சேர்த்து, இது கணினியே அல்ல என்று சொல்லி அமெரிக்காவில் 999 டொலருக்கு விற்பனைக்கு விட்டார்கள். கேம் தேடியவர் அதைவிட மலிவான அமிகா 500 ஐ வாங்கினார். பாட்டுக் கேட்க விரும்பியவருக்குச் சாதாரண சிடி பிளேயர் போதுமாக இருந்தது. கணினி தேடியவர் விசைப்பலகை இல்லாததைக் கண்டு திரும்பினார். மூன்று வகையான வாடிக்கையாளருக்கும் பொருந்தும் என்று செய்த பொருள் மூவருக்குமே இரண்டாம் தெரிவாகிப் போனது.

அதே 1991 இல் பிலிப்ஸ் நிறுவனம் சிடி-ஐ பிளேயரை வெளியிட்டது. கலைக்களஞ்சியம், சிறுவர் கதை, கேம், பாட்டு என்று எல்லாம் அதில் வந்தன. ஆனால் முழு நீளப் படம் பார்ப்பதற்குத் தொடக்க மொடல்களுக்கு டிஜிற்றல் வீடியோ அட்டை ஒன்றைத் தனியாக வாங்கிச் செருக வேண்டியிருந்தது. 1996 இல் அப்பிளும் பண்டாயும் சேர்ந்து அமெரிக்காவில் விற்ற பிப்பின், இணையம் பார்க்கவும் கேம் விளையாடவும் ஆகும் என்று 599 டொலருக்கு வந்தது. கணினியாகப் பார்த்தால் அது மெலிந்த கணினி, கொன்சோலாகப் பார்த்தால் கேம்கள் குறைந்த கொன்சோல். உலகம் முழுவதிலும் ஏறக்குறைய 42,000 மட்டுமே விற்றதாகக் கணக்கு.

இதைச் சோதிப்பதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மாதிரிப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, கடையில் நிற்கும் பெடியனிடமும், பக்கத்துக் கடைக்காரரிடமும், வேறு பொருள் வாங்க வந்த ஒரு தாயிடமும் தனித்தனியாக ‘இது என்ன சாமான்?’ என்று கேளுங்கள். மூவரும் ‘கேம்’ என்று சொன்னால் அதைக் கேமாகவே விற்கலாம். ஒருவர் கேம் என்றும் ஒருவர் டிஷ் பெட்டி என்றும் ஒருவர் டிவிடி என்றும் சொன்னால், அந்தப் பெட்டியை எந்தத் தட்டில் வைப்பது என்பதே உங்களுக்குப் பிரச்சினையாகிவிடும். கேமைத் தேடி வருபவரின் கண் டிஷ் பெட்டித் தட்டுக்குப் போகாது.

வீட்டில் உள்ளதைக் கழித்து விலையைப் பாருங்கள்

அடுத்தது விலை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான பல்வேலைக் கொன்சோல்கள் விழுந்திருக்கின்றன, ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஒரு தாளில் பெட்டியிலுள்ள வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, நம் வாடிக்கையாளரின் வீட்டில் அந்த வேலையை இப்போது எது செய்கிறது என்று எழுதுங்கள். யூடியூப்புக்குக் கைபேசி, படத்துக்கு டிஷ் அல்லது பென் டிரைவ் செருகும் தொலைக்காட்சி, பாட்டுக்குப் புளூடூத் ஸ்பீக்கர் என்று வரும். ஏற்கெனவே வேறொரு பொருள் செய்யும் வேலைகளையெல்லாம் வெட்டிவிடுங்கள். மிஞ்சிய வேலைக்கு மட்டும், அதை மட்டுமே செய்யும் பொருளின் விலை என்ன என்று பார்த்து, கொன்சோலின் விலையோடு ஒப்பிடுங்கள். வாடிக்கையாளர் தாள் எடுத்து எழுதமாட்டார். ஆனால் மனதுக்குள் இதே கணக்கைத்தான் போடுகிறார். தனக்குத் தேவையில்லாத வேலைக்கும் சேர்த்துக் காசு கேட்கிறார்கள் என்று அவருக்குப் பட்ட கணத்தில் வியாபாரம் முறிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு ஒரு பொருளுக்குச் சாதகமாக அமைந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேசன் 2 கொன்சோல். 2000 மார்ச்சில் யப்பானில் 39,800 யென்னுக்கு அது வந்தபோது டிவிடி புதிது. தனி டிவிடி பிளேயர்களே விலையுயர்ந்தவையாக இருந்தன, பெரும்பாலான வீடுகளில் அந்தப் பொருள் இருக்கவில்லை. ஒரு கொன்சோலின் விலையில் வீட்டில் இல்லாத இன்னொரு பொருளும் சேர்ந்து கிடைத்தது. கேமுக்காகவே அதை வாங்கினார்கள் என்பது உண்மை. ஆயினும் வீட்டிலுள்ள பெரியவர்கள் சம்மதிப்பதற்கு டிவிடி ஒரு நல்ல காரணமாக அமைந்தது. கடைசியில் அது 15 கோடிக்கும் மேல் விற்றது.

அந்த வெற்றியைப் பார்த்து வந்தவை எல்லாம் அதே வழியில் தேறவில்லை. 2001 டிசெம்பரில் பனசொனிக் நிறுவனம், நின்டெண்டோவின் கேம்கியூப்பையும் டிவிடி பிளேயரையும் ஒன்றாக்கி ‘கியூ’ என்ற பெயரில் 39,800 யென்னுக்கு யப்பானில் விற்றது. கேம்கியூப் தனியாக 25,000 யென்; டிவிடி பிளேயர்களின் விலை அதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டது; டிவிடி வேண்டுமென்றால் பிளேஸ்டேசன் 2 அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. 2003 இல் அதன் உற்பத்தி நின்றது. அதே 2003 டிசெம்பரில் சோனி நிறுவனமே, பிளேஸ்டேசன் 2 ஐயும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து டிவிடியில் எழுதும் கருவியையும் இணைத்துப் பிஎஸ்எக்ஸ் என்ற வெள்ளைப் பெட்டியை 79,800 யென்னுக்கும், கூடிய கொள்ளளவுள்ளதை 99,800 யென்னுக்கும் விற்றது. தனிப் பிளேஸ்டேசன் 2 அப்போது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த விலை. கேம் விளையாடுபவர்களிடம் ஏற்கெனவே பிளேஸ்டேசன் 2 இருந்தது. பதிவுக்கருவி வேண்டியவர் கேமுக்குக் காசு கொடுக்க விரும்பவில்லை. அறிவித்திருந்த வசதிகள் சில வெளியீட்டு நாளில் இல்லாமலும் போயின. அது யப்பானை விட்டு வெளியே வராமலே நின்றுபோனது.

விலை ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கொன்சோல் நிறுவனங்கள் பெட்டியை இலாபமில்லாமலோ நட்டத்துக்கோ விற்று, பின்னர் ஒவ்வொரு கேமிலும் கிடைக்கும் பங்கால் அதை ஈடுசெய்கின்றன. 1993 இல் வெளிவந்த 3டிஓ என்ற கொன்சோல் இந்த முறைக்கு வெளியே நின்றது. அதை வடிவமைத்த நிறுவனம் உரிமத்தை மட்டும் வழங்கியது. பனசொனிக் போன்றவை பெட்டியைச் செய்து விற்றன. பெட்டி செய்பவருக்குக் கேம் வருமானம் இல்லை என்பதால், அவர் இலாபத்தைப் பெட்டியிலேயே எடுக்க வேண்டியிருந்தது. விளைவாக அமெரிக்காவில் அதன் விலை 699.99 டொலர்; 1991 இல் வந்த சூப்பர் நின்டெண்டோ கொன்சோலின் தொடக்க விலை 199 டொலர். வீட்டின் பொழுதுபோக்கு மையம் என்று எவ்வளவு சொன்னாலும் அந்த இடைவெளியை எந்த விற்பனையாளராலும் நிரப்ப முடியவில்லை.

2006 இல் வந்த பிளேஸ்டேசன் 3 உம் இப்படித்தான் தொடங்கியது. டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரே தட்டுக்குத் தேவையான நீல லேசர் அப்போது விலையுயர்ந்தது, போதிய அளவிலும் கிடைக்கவில்லை. பெட்டியின் விலை 499, 599 டொலர். அதே ஆண்டில் 249 டொலருக்கு வந்த நின்டெண்டோ வீ கொன்சோலில் சாதாரண டிவிடி கூட ஓடாது, ஆனாலும் அது 10 கோடிக்கும் மேல் விற்றது. பிளேஸ்டேசன் 3 பின்னாளில் தேறியது. 2008 பெப்ரவரியில் தொசிபா, புளூ-ரேக்குப் போட்டியான தனது எச்டி டிவிடியைக் கைவிட்டதும், 2009 இல் மெல்லிய மொடல் 299 டொலருக்கு வந்ததும் அதற்கு உதவின. ஆனால் அந்த மூன்று ஆண்டு காத்திருப்பைத் தாங்கும் முதற்பணம் சோனியிடம் இருந்தது. மாங்குளத்தில் உள்ள கடைக்காரரிடம் அது இருக்காது. காலத்துக்கு முன் வந்த வசதியை நீங்கள் தாங்கிப் பிடிக்க வேண்டாம்.

அந்த வசதி இங்கே வேலை செய்யுமா?

பெட்டியில் எழுதியிருப்பது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அது இன்னொரு நாட்டில் உண்மையாகவும், ஒட்டுசுட்டானில் பயனற்றதாகவும் இருக்கலாம்.

2013 மே மாதம் மைக்ரோசொப்ட் நிறுவனம் எக்ஸ்பொக்ஸ் வன் என்ற கொன்சோலை அறிமுகம் செய்தபோது, கேமைவிடத் தொலைக்காட்சியைப் பற்றியே அதிகம் பேசியது என்ற மனக்குறை கேம் விளையாடுபவர்களிடையே எழுந்தது. கேபிள் பெட்டியின் எச்டிஎம்ஐ வயரைக் கொன்சோலின் பின்புறத்தில் செருகி, குரலால் அலைவரிசை மாற்றலாம் என்பது அதன் பெருமை. அதற்காகக் குரலையும் அசைவையும் உணரும் கினெக்ட் என்ற கருவியையும் கட்டாயமாகச் சேர்த்ததால் விலை 499 டொலர் ஆனது; போட்டியாக வந்த பிளேஸ்டேசன் 4 கேமை முன்னிறுத்தி 399 டொலருக்கு நின்றது. அடுத்த ஆண்டு ஜூனில் மைக்ரோசொப்ட் கினெக்ட் இல்லாத பெட்டியை 399 டொலருக்கு இறக்கியபோது, வாங்குபவர்களின் மனம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டிருந்தது.

அந்தப் பெட்டி நம் ஊருக்கு வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நம் வீடுகளில் பல டிஷ் பெட்டிகள் இன்னும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகளுள்ள ஏவி வயரில்தான் ஓடுகின்றன. செருக எச்டிஎம்ஐ வயர் இல்லை. குரல் கட்டளைக்குத் தமிழும் இல்லை. பெட்டியின் விலையைக் கூட்டிய வசதி இரண்டும் இங்கே கணக்கில் வராது.

டிவிடி போன்ற தட்டு ஓடும் கொன்சோல் என்றால், எந்தப் பகுதி நாடுகளின் படத்தட்டு அதில் ஓடும் என்று காட்டும் வலயக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். டிவிடியில் இலங்கை 5 ஆம் வலயம். கனடா 1, ஐரோப்பா 2. புளூ-ரேயில் நாம் சி வலயம். கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த கொன்சோலில் இங்கே வாங்கிய வலயம் பூட்டிய படத்தட்டு ஓடாது. உள்ளூரில் வலயப் பூட்டில்லாத தட்டுகள் பல கிடைப்பதால் மட்டுமே அந்தக் குறை வெளியே தெரியாமல் இருக்கிறது. 2002 ஐ அடுத்த சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்திருந்தபோது நம் ஊர்களில் கைமாறிய படங்கள் பெரும்பாலும் டிவிடிக்கு முந்திய வகையான விசிடிகள். பிளேஸ்டேசன் 2 டிவிடியைக் காட்டும், விசிடியைக் காட்டாது. உலகம் முழுவதும் அந்தக் கொன்சோலுக்குக் கைகொடுத்த வசதி, அன்றைய நிலையில் நமக்குப் பாதிதான் பயன்பட்டது. முதல் எக்ஸ்பொக்ஸில் டிவிடி ஓடும் என்று கேள்விப்பட்டு வாங்கியவர்கள், அதற்கென ஒரு ரிமோட் தொகுதியைத் தனியாக வாங்கினால்தான் ஓடும் என்பதைப் பிறகே அறிந்தார்கள்.

மின்சாரத்தையும் பாருங்கள். நமது இணைப்பு 230 வோல்ற். கனடாவில் விற்ற நின்டெண்டோ வீயின் அடப்டர் 120 வோல்றுக்கு மட்டுமே செய்யப்பட்டது. அதை நேரே செருகினால் கருகும். அடப்டரின் அடியில் 100–240 வோல்ற் என்று அச்சிட்டிருக்கிறதா என்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது வாசித்த பிறகே பிளக்கில் செருக வேண்டும். அப்படி அச்சிடாத பெட்டியை மாற்று அடப்டர் இல்லாமல் வாங்கி விற்கக் கூடாது.

இணையம் வேண்டிய வசதிகள் இன்னொரு தடை. வன்னியில் பெரும்பாலான வீடுகளில் இணையம் என்பது கைபேசியில் போடும் டேட்டா காட் அல்லது ஒரு 4ஜி ரவுட்டர். இதைச் சோதிக்கக் கடையின் நல்ல இணைப்பைப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் கைபேசியில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, கொன்சோலின் கொன்ட்ரோலரால் கடவுச்சொல்லைத் திரையில் எழுதிப் பாருங்கள். ஒரு எழுத்துக்கு வலப்பக்கம் ஆறு அழுத்தம், கீழே இரண்டு, பிறகு சரி. பெரிய எழுத்து வேண்டுமென்றால் மூலைக்குப் போய் ஒரு பொத்தானை மாற்றி, எழுதி, மீண்டும் மூலைக்குப் போய் மாற்ற வேண்டும். இடையில் ஒரு எழுத்துப் பிசகினால் அழித்து மறுபடி. அதன்பின் ‘புதுப்பிப்பு தேவை’ என்று திரையில் வரும், கேம் ஒன்றைப் புதுப்பிக்கவே பல ஜிகாபைட் இறங்கும், ஒரு மாதத்துக்குப் போட்ட டேட்டா ஓர் இரவில் தீரும். இவ்வளவையும் நீங்களே ஒருமுறை செய்து பார்த்தால், யூடியூப் பார்க்க அந்தத் தாய் ஏன் கொன்சோலை விட்டுக் கைபேசியைத் தூக்குகிறார் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. கணக்குத் திறக்கும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறதா, உள்ளூர் வங்கி அட்டையை அந்தக் கடைப்பக்கம் ஏற்கிறதா என்பதையும் அதே அமர்வில் பார்த்துவிடுங்கள்.

ஒரு வேலை இன்னொரு வேலையை மறிக்கிறதா?

பண்டாரவன்னியன் சிலைப் பக்கமிருந்தோ பரந்தன் சந்திப் பக்கமிருந்தோ வரும் வாடிக்கையாளர் எவரும் ‘பல்வேலை’ என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். ஆனால் அதன் அடிப்படைக் குறையை அவர்கள் நம்மைவிட விரைவாகக் கண்டுபிடிப்பார்கள். ஒரு தாய், மகனோடு கடைக்கு வந்து இத்தகைய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விற்பனைக்கு நின்றவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்தத் தாய் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, இதில கேமும் விளையாடலாம், நாடகமும் பாக்கலாம் எண்டுறியள். பெடியன் விளையாடேக்க நாங்கள் நாடகத்தை எதில பாக்கிறது?” மகன், “அம்மா, நான் பின்னேரத்தில மட்டும் விளையாடுறன்” என்றான். “பின்னேரத்திலதான் நாடகம்” என்று சொல்லிப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு எந்த நிறுவனமும் நல்ல விடை சொல்லவில்லை. வேலைகள் ஐந்தாக இருந்தாலும் தொலைக்காட்சி ஒன்றுதான், கொன்சோலும் ஒன்றுதான். ஒரு தொலைக்காட்சி மட்டுமுள்ள வீட்டில், ஐந்து வேலைகளையும் ஒன்றில் அடைப்பது ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் ஒரே பொருளுக்காக நிற்கவைப்பதாகும். பழுது வந்தாலும் அப்படித்தான். தட்டு வாசிக்கும் லேசர் தேய்ந்தால் கேமும் போகும், படமும் போகும். உறுப்பு கொழும்பிலிருந்து வரும்வரை வீட்டில் எதுவும் ஓடாது. திருத்த வேலை தெரிந்த கடைக்காரர் இந்தக் குறையை வாடிக்கையாளரிடம் மறைக்கக் கூடாது.

வேலைகள் ஒன்றையொன்று மறிப்பதை நொக்கியாவின் என்-கேஜ் தெளிவாகக் காட்டியது. 2003 ஒக்டோபரில் கைபேசியையும் கேமையும் பாட்டையும் வானொலியையும் ஒன்றாக்கி 299 டொலருக்கு வந்தது. கேமை மாற்ற வேண்டுமென்றால் பின்மூடியைத் திறந்து பற்றரியைக் கழற்ற வேண்டும். அதாவது கேம் மாற்றும்போதெல்லாம் கைபேசி அணைந்துவிடும். பேச வேண்டுமென்றால் அதன் விளிம்பைக் காதில் வைத்துப் பிடிக்க வேண்டும். கேம் மட்டும் விளையாடும் நின்டெண்டோவின் கேம்போய் அட்வான்ஸ் எஸ்பி அப்போது 100 டொலருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு வந்த என்-கேஜ் கியூடி மொடலில் இந்த இரண்டு குறைகளையும் திருத்தினார்கள், ஆனால் பெயர் கெட்டபின் திருத்தம் காப்பாற்றவில்லை. ஆகவே மாதிரிப் பெட்டி கிடைத்ததும் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறிப் பாருங்கள்: கேமை நிறுத்திப் படத்துக்குப் போய், படத்தை நிறுத்தி மீண்டும் கேமுக்கு வாருங்கள். விட்ட இடத்தில் கேம் இருக்கிறதா, எத்தனை பொத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பவற்றைக் கவனியுங்கள்.

மின்செலவும் இதற்குள் அடங்கும். படம் ஒன்றைப் பார்க்கத் தொடக்ககாலப் பிளேஸ்டேசன் 3 ஐப் போட்டால் அது 150 வாற்றுக்கு மேல் இழுக்கும். சாதாரண டிவிடி பிளேயருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். மின்தடைக்காகச் சூரியப் பலகையோ இன்வேட்டரோ வைத்திருக்கும் வீடுகள் நம் கிராமங்களில் குறைவில்லை. 2022 இல் சில நாட்களில் பாதி நாளுக்கு மேல் மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறக்கவில்லை. அப்படியான வீட்டுக்கு, சிறு வேலைக்கும் பெரிய இயந்திரத்தை எழுப்பும் பொருளைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டு இடங்களில் ஒரே வேலையைச் செய்வது வேறு விடயம் என்பதையும் சொல்லவேண்டும். 2017 இல் வந்த நின்டெண்டோ சுவிட்ச் தொலைக்காட்சியிலும் ஓடும், கையிலும் ஓடும். ஆனால் அதன் முதன்மையான வேலை கேம்தான். தொலைக்காட்சியை நாடகத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பிள்ளை திண்ணையில் இருந்து தொடர்ந்து விளையாடலாம். அந்தத் தாயின் கேள்விக்கு அதனிடம் விடை இருக்கிறது. விலைதான் நம் பகுதிக்கு எட்டாதது.

மலிவான பெட்டிகள்

இதுவரை சொன்னவை விலையுயர்ந்த பொருட்கள். நம் கடைகளில் உண்மையில் அதிகம் புழங்குபவை தொலைக்காட்சியில் செருகும் கேம் ஸ்டிக், பவர் பாங்க்காகவும் பயன்படும் கைக்கேம், அன்ட்ரொயிட் பெட்டியோடு இரண்டு கொன்ட்ரோலர் சேர்ந்து வருபவை போன்றவை. இவற்றுக்கும் அதே சோதனைதான், கூடுதலாக இரண்டு விடயங்கள் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் கேம் எண்ணிக்கையை நம்பாதீர்கள். பழைய டிவி கேம் காலத்தில் ‘9999999’ என்று ஒட்டிய கசற்றுக்குள் ஒரு சில கேம்களே பெயர் மாறி மாறி வந்ததுபோல, இப்போதும் ஒரே கேம் பல வரிசை எண்களில் வரும். பட்டியலின் நடுவிலும் கடைசியிலும் சென்று திறந்து பாருங்கள். இரண்டாவதாக, கொன்ட்ரோலரை அழுத்துவதற்கும் திரையில் அசைவதற்கும் இடையே தாமதம் இருக்கிறதா என்று ஒரு பிள்ளையைக் கொண்டு விளையாடச் செய்து பாருங்கள். பெரியவர்களுக்கு அது புலப்படாது. பிள்ளை சில நிமிடங்களில் சலித்துக் கீழே வைத்தால், யூடியூப் வருகிறது என்ற ஒன்றுக்காக அந்தப் பெட்டியை எடுக்க வேண்டாம்.

‘படிப்புக்கும் உதவும்’ என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பெற்றோர் பிள்ளையின் படிப்புக்கென்றால் கடன்பட்டும் வாங்குவார்கள். அந்தப் பெட்டியில் இருப்பது நான்கு கூட்டல் கழித்தல் விளையாட்டும் ஆங்கில எழுத்து வரிசையும் மட்டும் என்றால், அந்தச் சொல்லைச் சொல்லி விற்பதைத் தவிர்த்துவிடுங்கள். தமிழில் பாடம் இல்லாத எதையும் படிப்புக் கருவி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

எடுப்பதென்று முடிவுசெய்தால்

முதல் தடவை ஒன்று அல்லது இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒன்றைத் திறந்து, பழைய ஏவி தொலைக்காட்சி ஒன்றில் இணைத்து, மாலை பாடசாலை விடும் நேரத்தில் கேமோடு ஓடவிடுங்கள். எல்லா வேலைகளையும் காட்ட வேண்டாம். கேமைக் கண்டு நின்றவரிடம் கேமைப் பற்றியே பேசுங்கள். வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்று அவர் தயங்கும்போது மட்டும், அந்த வீட்டில் இல்லாத ஒரு வசதியை எடுத்துச் சொல்லலாம். பிளேஸ்டேசன் 2 க்கு டிவிடி செய்த உதவி அந்த அளவுதான்.

இன்று ஓடுவதை மட்டும் சொல்லி விற்க வேண்டும். புதுப்பிப்பு வந்தால் அதுவும் ஓடும் என்று மொத்த வியாபாரியின் ஆள் சொல்வதை வாடிக்கையாளரிடம் திருப்பிச் சொல்லாதீர்கள். வருவதாகச் சொன்ன வசதி வராமலும் போகும், இருந்த வசதி பறிபோகவும் செய்யும். பிளேஸ்டேசன் 3 இல் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிக் கணினியாகப் பயன்படுத்தலாம் என்பது தொடக்கத்தில் அதன் சிறப்புகளில் ஒன்று. 2010 ஏப்ரலில் வந்த புதுப்பிப்பு அதை நீக்கிவிட்டது. நின்டெண்டோ வீ யூவில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேடித் தரும் வசதி 2012 இல் அமெரிக்காவில் தொடங்கி, 2015 இல் நிறுத்தப்பட்டது. நிறுவனத்தின் சேவையில் தங்கியிருக்கும் வசதிக்கு நீங்கள் வாய்மொழி உத்தரவாதம் கொடுத்தால், அது நின்ற நாளில் வாடிக்கையாளர் அந்த நிறுவனத்தைத் தேடிப் போகமாட்டார், உங்கள் படியைத்தான் ஏறுவார்.

தவணைக்குக் கொடுக்கும் கடைக்காரர் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். சிறுகடன் நிறுவனங்களின் தவணையோடு ஏற்கெனவே போராடும் குடும்பங்கள் நம்மிடையே பல. பயன்படாமல் மூலையில் கிடக்கும் பெட்டிக்கு மூன்றாம் மாதம் யாரும் மனம் ஒப்பித் தவணை கட்டமாட்டார்கள். பணமும் வராது, உறவும் கெடும். தவணைக்குக் கேட்பவருக்கு, கேம் மட்டும் செய்யும் மலிவான பெட்டியை முதலில் காட்டுங்கள்.

ஏற்கெனவே எடுத்து முடங்கிவிட்ட பெட்டிகள் இருந்தால், விலையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். விற்காமல் கிடக்கும் பழைய மொடலின் மதிப்பு பெரும்பாலும் நாளாக ஆக இறங்கும். பெட்டியிலுள்ள பட்டியலை மறந்துவிட்டு, அது நன்றாகச் செய்யும் ஒரு வேலையைக் கண்டுபிடித்து, அந்தப் பெயரில் ஒரு காகிதத்தை ஒட்டி, அந்த வேலையை மட்டும் செய்யும் பொருளின் விலைக்கு அடுத்த பருவம் தொடங்குமுன் விற்றுவிடுங்கள். புதிதாக எடுப்பதானால், திறந்து சோதித்த மாதிரிப் பெட்டியை மொத்த வியாபாரி திருப்பி எடுப்பாரா, எத்தனை நாளுக்குள் எடுப்பார் என்பதைக் கொள்முதல் நாளிலேயே பில்லில் எழுதுவித்துக் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் பெட்டியை அவரோடேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.